கரிசல் காட்டில் ஒரு பழைய பஜேரோ

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் பாதையின் இரு மருங்கிலும், ஓரிடத்தில் கரிசலாகவும், சற்றுத் தூரம் கடந்தால் செவலாகவும், இடையிடையே சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்ப் படுகையாகவும் மாறி மாறி வரும் பூமியைக் கூர்ந்து நோக்குகிறவர்களுக்கு, அங்கே எது விளையும், எது விளையாது என்பதை அந்த மண்ணே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருப்பது விளங்கும். பந்தல்குடி வட்டாரத்தில் சிமெண்டுத் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் அம்சம் நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கிறது. ஆடி மாதத்தில், மேற்கு மலைத்தொடரைத் தாண்டும்போதே தன் ஈரத்தை இழந்துவிட்ட காற்று, வெடித்துக் கிடக்கும் நிலத்தின் மேற்பொடியை வாரிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டாலோ, அதே கரிசல் வைத்த காலை விடாத களியாகிவிடுகிறது. இவை பயிரின் கதியை நிர்ணயிப்பதுபோலவே இங்கே ஓடும் யந்திரங்களின் ஆயுளையும் நிர்ணயிக்கின்றன; ஆகையால் பழைய பெரிய மோட்டார் வண்டியொன்றை வீட்டு வாசலிலேயே வைத்துப் பராமரிக்க விரும்புகிறவர், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், இந்தப் பூமியின் ரசாயனத்தையும் பௌதிகத்தையும் ஓரளவாவது அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்ராயம்.

பெரிய வண்டி என்று நான் இங்கே கருதுவது, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி அமைந்து, மேடு பள்ளங்களிலும் செல்லக்கூடியதும், அதே சமயம் உள்ளே ஏஸியும் மெத்தை ஆசனங்களுமாகச் சௌகரியங்கள் நிறைந்ததுமான வகையை. நம் ராஜ்யத்தில் இவ்வகைக்கு நெருங்கிய உதாரணம் மிட்சுபிஷி பஜேரோ. 1998-ல் திருவள்ளூரில் லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலேயே, 2002 முதல் பஜேரோவையும் பூட்டிச் சேர்த்து விற்றார்கள். ஆப்பிரிக்கப் பாலைவனங்களைக் கடந்து சென்ற டக்கார் பந்தயத்தில், 1985 முதல் 2007 வரை 12 முறை முதலிடம் பெற்ற வம்சத்தைச் சேர்ந்த வண்டி அது. ஜப்பானில் அதன் உற்பத்தி 2021-ல் நின்றுவிட்டது. அதே ஆண்டில், மறைமலைநகரில் எண்டவர் என்ற இன்னொரு பெரிய வண்டியைச் செய்துவந்த ஃபோர்டு நிறுவனமும் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முதல் பதிவுக்குரிய 15 ஆண்டுகள் முடிந்து, மறுபதிவுக்கு நிற்கும் இந்த வண்டிகள், நகரத்துச் சொந்தக்காரர்களின் கையைவிட்டு, இரண்டாம் கை மூன்றாம் கையாக ஊர்ப்புறங்களுக்கு வந்து சேர்கின்றன. அவற்றோடு வரும் கைப்புத்தகத்தில் ‘கடுமையான சூழ்நிலை’ என்ற தலைப்பில் தூசும் வெப்பமும் மிக்க இடங்களுக்கென்று தனி அட்டவணை ஒன்று இருக்கும். நம் பிரதேசத்தில் ஓடும் வண்டிக்கு அந்த அட்டவணையே சாதாரண அட்டவணை.

முதலில் நீரைப்பற்றிச் சொல்கிறேன். ஏனெனில், வறண்ட சீமையில் ஒரு டீசல் வண்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர்தான்.

ஒரு லிட்டர் டீசலுக்குள் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 36 மெகாஜூல். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வீதம், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, மணிக்கு 6 லிட்டரை எரிக்கிறது. அதாவது இடைவிடாமல் 60 கிலோவாட் சக்தி எஞ்சினுக்குள் விடுவிக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றியோடும் நீரில் இறங்குகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி 1 கிலோவாட் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 முதல் 20 பெட்டிகளின் சூட்டை, வெளிக் காற்றே 40 டிகிரியை எட்டும் சித்திரை வெயிலில், ரேடியேட்டர் ஒன்று தனியாக நின்று வாங்கி வெளியே விட வேண்டியிருக்கிறது. இத்தனை பெரிய காரியத்தை நம்பி ஒப்படைத்த பாத்திரத்துக்குள், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு ஊற்றுகிறோம்.

அந்தத் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடேறும்போது அது சிதைந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும், நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாகவும் பிரிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்புப் பொருக்கு இதுவே. எஞ்சினில் அது எங்கே படிகிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம்: எந்த இடம் அதிக உஷ்ணமாக இருக்கிறதோ, எங்கே குளிர்ச்சி மிக அவசியமோ, சரியாக அந்த இடத்தில்தான் அது முதலில் படிகிறது. வார்ப்பிரும்பு உஷ்ணத்தைக் கடத்தும் திறனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் இந்தப் பொருக்குக்கு உண்டு. ஆகவே 1 மில்லிமீட்டர் பொருக்கு படிந்தால், சிலிண்டர் சுவரின் கனம் 20 மில்லிமீட்டர் கூடியதற்குச் சமானமான தடை உண்டாகிறது. நீரின் உஷ்ணத்தைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்க, உலோகத்தின் உஷ்ணம் மட்டும் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும்.

சுவையை வைத்துத் தண்ணீரின் கடினத்தை அறுதியிட வேண்டியதில்லை. ஒரு துண்டு சோப்பைப் போட்டுக் குலுக்கினால், நுரை வராமல் தயிர்த்திப்பி போன்ற வண்டல் திரள்வதே போதுமான சோதனை. நம் முன்னோர் உப்புக் கிணறுகளுக்கு நடுவே ஊருணி வெட்டி, மழைநீரைக் குடிப்பதற்கென்று தனியே காத்துவைத்த விவேகம் இங்கேயும் செல்லுபடியாகும்: மனிதன் குடிக்கத் தயங்கும் நீரை யந்திரத்துக்கும் கொடுக்கலாகாது. பாட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலண்டைச் சரிபாதி கலந்து ஊற்றுவதே முறை. பனி உறையாத நாட்டில் கூலண்டு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அதில் உள்ள கிளைக்கால், சமபங்கு கலந்தால், கொதிநிலையை 107 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, அதில் சேர்த்திருக்கும் துரு தடுக்கும் பொருள்கள், இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்துகொண்டிருப்பதால் விளையும் அரிப்பை அடக்கி வைக்கின்றன. சுத்தமான நீர் பொருக்கு கட்டாது என்பது மெய்; ஆனால் துருப்பிடிக்கவைக்கும் குணம் அதற்கும் உண்டு. கூலண்டின் இந்தக் காப்புப் பொருள்கள் காலப்போக்கில் செலவழிந்துவிடுவதால், நிறம் மங்காவிட்டாலும் குறித்த தவணையில் அதை மாற்றியாக வேண்டும்.

வாங்கிய வண்டியின் முந்திய சரித்திரம் தெரியாதபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து உட்குழாய்களின் வாயைப் பார்ப்பது நலம். வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ படிவு தெரிந்தால், லெமன் சால்ட் எனப்படும் சிட்ரிக் அமிலத்தை மிதமாகக் கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, வடித்துவிட்டு, பலமுறை நல்ல நீரால் அலசிவிடலாம். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவது கூடவே கூடாது. அது அலுமினியத்தைக் கரைத்துவிடும். ஒன்றை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்: பல ஆண்டுகளாகப் பொருக்கே அடைத்துக்கொண்டிருந்த ஊசித்துவாரங்கள், சுத்தம் செய்தபின் ஒழுகத் தொடங்கக்கூடும். அதைக் கண்டு மருந்தைக் குறைகூறலாகாது. அந்த ரேடியேட்டர் முன்பே முடிந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

மூடியைத் திறப்பதைப்பற்றி ஒரு வார்த்தை. அந்த மூடியில் உள்ள ஸ்பிரிங், உள்ளே வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அதனால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. 110 டிகிரியில் உள்ள 10 லிட்டர் நீரின் மூடியைத் திடீரென்று திறந்தால், அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு அக்கணமே ஆவியாகிவிடுகிறது. அளவில் அது 200 கிராம்கூட இல்லை. ஆனால் அந்த ஆவி 300 லிட்டர் இடத்தைக் கேட்கிறது. எதிரே இருப்பது திறந்தவரின் முகம். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டு, சூடும் விறைப்பும் நீங்கிய பின்பே திறக்க வேண்டும்.

இவ்வளவு சரியாக இருந்தும் வண்டி, சாலையில் வேகமாகச் செல்லும்போது சூடாகாமல், காட்டுப்பாதையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது மட்டும் சூடாகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் காற்றாடியில் இருக்கும். வேகமாகச் செல்லும் வண்டிக்குக் காற்று தானே வந்து மோதுகிறது. ஊரும் வண்டிக்குக் காற்றாடியே கதி. பழைய வண்டிகளில் அது நேராக எஞ்சினோடு பிணைக்கப்படாமல், ஃபேன் கிளட்ச் என்ற உறுப்பின் வழியே சுழல்கிறது. அதனுள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முகப்பில் இருவகை உலோகத்தாலான சுருள் ஒன்று, உஷ்ணம் ஏறும்போது வளைந்து, எண்ணெய்க்கு வழி திறந்துவிட, எண்ணெயின் பிசுக்கே காற்றாடியைப் பிடித்து இழுக்கிறது. வருஷங்கள் செல்லச் செல்ல அந்த எண்ணெய் கசிந்து குறைந்துபோகிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, காற்றாடியை விரலால் சுற்றிப் பாருங்கள்: தயங்கித் தயங்கி நின்றால் நன்று; தங்குதடையின்றிப் பலமுறை சுழன்றால் அதன் காலம் முடிந்தது. கூடவே, ரேடியேட்டருக்கும் அதன் முன்னே நிற்கும் ஏஸி கண்டென்ஸருக்கும் நடுவில் உள்ள சந்தையும் பாருங்கள். முதல் மழைக்குப் பின் விளக்கைத் தேடி வரும் ஈசல்களும், எருக்கம் பஞ்சும், கருவேலம் இலைத்துகளும் அங்கே அடைந்து போயிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடித்து அவற்றை நீக்கலாம். வேகம் கூடினால் தகடுகள் மடங்கிவிடும்.

அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கணக்கு. இரும்பு எஞ்சின் மீது அலுமினிய ஹெட் அமர்ந்திருக்கும் அமைப்பில், அரை மீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது. அதனடியில் உள்ள இரும்போ அதில் பாதியளவே நீள்கிறது. இந்த அரை மில்லிமீட்டர் வேற்றுமையைத் தாங்குவதற்கென்றே கேஸ்கெட் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உஷ்ணம் அதற்கும் மேலே போனால் ஹெட் கோணுகிறது, சில சமயம் வெடிக்கிறது. ரேடியேட்டரில் குமிழி எழுவதும், ஆயில் மோர் நிறம் கொள்வதும் அதன் அடையாளங்கள். அது வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. ரேடியேட்டர் நீர் ஒழுகி வற்றிவிட்டால், உஷ்ணத்தை அளக்கும் உறுப்பு நீரில் நனையாமல் வெறுமையில் நின்று, முள் உண்மைக்கு மாறாகத் தாழ்ந்தும் காட்டலாம். ஆகவே முள்ளை நம்பியிராமல், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதை நித்திய வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி தூசி. பஜேரோவின் 2.8 டீசல் எஞ்சினுடைய கொள்ளளவு 2,835 கன சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை அது உள்ளிழுப்பதால், நிமிஷத்துக்கு 2,000 சுற்றில், டர்போ அமுக்கித் திணிப்பதைக் கணக்கில் சேர்க்காமலே, மணிக்கு 170 கன மீட்டர் காற்று உள்ளே போகிறது. கரிசலின் களித்துகள் மிருதுவானது; அது எஞ்சினை அதிகம் அறுக்காது. செவலிலும் குண்டாற்று மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளோ, கடினத்தின் அளவுகோலில் 7-ஆம் எண்ணில் நிற்பது. வார்ப்பிரும்பு அதற்குக் கீழே. கண்ணுக்குத் தெரியும் மணல் பெரிய சத்துருவல்ல. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலத்தின் கனத்தை ஒத்த, 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள நுண்துகள், அந்தச் சந்தில் புகுந்து இரு பக்கத்தையும் ஒருங்கே அறுக்கிறது.

இந்த இடத்தில் நல்லெண்ணம் கொண்டவர்கள் செய்துவிடும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றி, பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், முழு அழுத்தத்தில் காற்றடித்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். ஃபில்டர் தாள் சல்லடையைப்போல மட்டும் வேலை செய்வதில்லை. அதன் நூலிழைகளில் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய துகளின் மேல் பின்வருபவை ஒட்டுகின்றன. ஆகவே சற்றே பழகிய தாள் புதுத்தாளைவிட நுட்பமாக வடிகட்டுகிறது. அழுத்தமான காற்று அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை உண்டாக்கிவிடுகிறது. தட்டி உதிர்த்து, அவசியமானால் உட்புறமிருந்து வெளிப்புறமாக மென்மையாக ஊதி, ஓரிரு முறைக்கு மேல் அப்படிச் செய்யாமல் புதிது வாங்கிப் போட்டுவிட வேண்டும். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் ஃபில்டரின் விலை ஒன்றுமில்லை. ஃபில்டருக்குப் பின்னால், டர்போவரை செல்லும் ரப்பர் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ள சோதனை. துணியில் மண் நிறம் ஏறினால், எங்கோ ஒரு கிளாம்பு தளர்ந்திருக்கிறது, அல்லது குழாய் வெடித்திருக்கிறது. அப்போது எத்தனை நல்ல ஃபில்டர் போட்டும் பலனில்லை.

குழாய் வெடிப்பதற்குக் காரணம் ரப்பரின் மூப்பு. உஷ்ணம் 10 டிகிரி கூடும்போது அதன் சிதைவு வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது; காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. சௌகரியங்கள் மிகுந்த வண்டியில் ரப்பரும் மிகுதி. சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர ஓட்ட அமைப்புள்ள பஜேரோவில், முன்சக்கரங்களை விசையோடு இணைக்கும் வேலையை, வெற்றிடத்தின் இழுப்பால் இயங்கும் ஓர் உறுப்பு செய்கிறது. விரல் கனமுள்ள ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று புகுந்தால், நான்கு சக்கர ஓட்டத்தைக் காட்டும் விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். பெரிய செலவு வந்துவிட்டதென்று அஞ்சி கியர் பெட்டியை இறக்கிப் பார்ப்பதற்கு முன், அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பது நல்லது. டீசல் பம்பின் உள்வளையங்களுக்கும் இதே கதை. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குமேல் இருப்பதில்லை. காற்றுக்கு இது மிக நல்லது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த வளையங்கள் புது டீசலில் சற்றே சுருங்கி, கசியவும் காற்றை உள்ளிழுக்கவும் கூடும். காலையில் வண்டி நெடுநேரம் முக்கி முனகிப் புறப்பட்டால், பம்பின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு வருவோம். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, தாழ்ந்த பாதைகளில் நீரைக் கடந்துதான் ஊர் சேர வேண்டியிருக்கும். ஓடி வந்த வண்டியின் பின் ஆக்ஸில், உள்ளே பல்சக்கரங்கள் உரசுவதால் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அது 30 டிகிரி நீரில் அமிழ்ந்ததும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அதன் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. இந்த இழுப்பைத் தணிக்கவே ஆக்ஸிலின் மேல் பிரீதர் என்ற சிறு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். கரிசல் களி காய்ந்து அதை அடைத்துவிட்டால், இழுப்பு ஆயில் சீல்களின் ஓரத்தைத் தேடி, சேற்று நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. தீபாவளிக்கு முன்பே பிரீதரைக் கழற்றி டீசலில் அலசி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுவதும், மழை ஓய்ந்தபின் டிஃபரன்ஷியல் அடைப்பைச் சற்றே தளர்த்தி, வரும் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் முழுவதும் மாற்றுவதும் வீட்டிலேயே செய்யத்தக்க காரியங்கள். களியை வண்டியின் சட்டத்தில் காயவிடவும் கூடாது. அந்தக் களிமண்ணின் அடுக்குகள் நீரைத் தமக்குள் ஈர்த்து உப்புவதனால்தான் கரிசல் மழையில் விரிந்து கோடையில் வெடிக்கிறது. அதே குணத்தால், மேலே காய்ந்துபோன பின்பும் உள்ளே ஈரத்தையும் உப்பையும் இரும்போடு ஒட்டி வைத்திருக்கிறது.

வண்டிக்கு அடியில் நுழைவதைப்பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை விட மனமில்லை. ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் சுமார் 600 கிலோ இறங்குகிறது. அதன் அடிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. நனைந்த கரிசல் 1 கிலோவைத் தாங்குவதே அரிது. முக்கால் சாண் கனத்துக்கு மண் உறுதியாகத் தோன்றினாலும் அடியில் ஈரம் இருக்கும். இரண்டு சாண் சதுரமுள்ள கனத்த பலகையை ஜாக்கிக்கு அடியில் இட்டால் பாரம் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அப்போதும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும், எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். தரை சிமெண்டுத் தளமாக இல்லாத வீட்டில், அடியில் படுத்துச் செய்யும் வேலைகளைப் பங்குனிக்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குள் செய்துவிட வேண்டியது பிரேக் ஆயில் மாற்றம். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் குழாய்களின் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுள்ளது. டாட் 3 என்ற வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கிறது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். இரண்டு டன் எடையுள்ள வண்டி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்த உஷ்ணம் சுலபமாக எட்டிவிடும். குழாயில் ஆவி உண்டாகி, மிதி தரைவரை போய்விடும். கீழ்நாட்டுச் சமவெளியில் ஓடுகிறவரை இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. கொடைக்கானலுக்கோ குமுளிக்கோ குடும்பத்தோடு போய்த் திரும்பும்போதுதான் தெரியவரும். ஆகவே கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில், ஒருவர் மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறக்க, தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடித்து, டப்பாவில் மட்டம் குறையவிடாமல் புதுத் திரவத்தை ஊற்றிக்கொண்டே வந்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தெளிவாக வரும்வரை வடித்தெடுக்க வேண்டும்.